நெருப்பணைக்கும் ஞீராய்

எங்கள் ஊரில் ஞீராயைப் பார்த்துச் சிரித்தவர் யாருமில்லை. அவரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை, ஆகையால் கணக்கு நேர். வருஷத்துக்கு ஒரு நாள் ஊர் அடுப்புகளை எல்லாம் தண்ணீர் ஊற்றி அணைப்பது அவர் வேலை. அந்த ஒரு நாள் வேலைக்காக மீதி நாளெல்லாம் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு திரிவார். எனக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பன்றி படுக்கிற இடம்தான். சுவர் இரண்டும் மூங்கில் தட்டி. அவர் இருமினால் எனக்குத் தூக்கம் போகும்.

புது நெருப்பு நாள் விதைப்புக்கு முன்னால் வரும். அன்று காலைக்குள் ஊரில் ஒரு பொறிகூட மிஞ்சக் கூடாது. ஒரு வருஷம் எரிந்த நெருப்புக்குக் கிழடு தட்டிவிடும், பேராசை பிடித்துவிடும், அடுப்பில் அடங்காமல் கூரைக்குத் தாவும் என்பது எங்கள் பேச்சு. எங்கள் கூரை எல்லாம் புல். அதனால் பழையதை அணைத்துவிட்டு, ஊர் முரசு வைத்திருக்கும் வீட்டு மேட்டில் மரத்தையும் பிரம்பையும் உரசிப் புதிதாகப் பெற்று, வீடு வீடாகக் கொண்டுபோவோம். அதுவரை ஊர்வாசலில் மூங்கில் நட்சத்திரம் தொங்கும், ஒருவரும் உள்ளே வரக் கூடாது. பழைய நெருப்பை ஒளித்து வைத்தவர் யாரானாலும் அந்த நெருப்பையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்ட வேண்டியதுதான். அடுத்த புது நெருப்பு வரைக்கும் ஒரு வருஷம் வெளியில். ஊர் நெருப்பில் வெந்த சோறு ஒரு பிடி கிடையாது.

ஞீராய் பிறவியிலேயே இப்படி இல்லை என்பார்கள். அவருக்குக் கல்யாணமான புதிதில் மேட்டு வீடுகள் பாதி எரிந்துபோயின. விதை நெல்லை எடுக்கிறேன் என்று உள்ளே போன அவர் மனைவி திரும்பி வரவில்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். யாரோ பழைய நெருப்பை ஒளித்து வைத்ததுதான் காரணம் என்று ஊர் பேசியது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்கப்புறம் அடுப்பணைக்கும் தண்ணீர்க் குழாயை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

தோள் உயர மூங்கில் குழாய். அதில் தண்ணீரை நிரப்பித் தூக்கிக்கொண்டு வருவார். ஏணியில் ஏறி வீட்டுக்குள் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஊற்றுவார். அடுப்பில் எது இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவருடைய மாமியார் வீட்டில் கோழிக் கஞ்சி பாதி வெந்துகொண்டிருந்தது, ஊற்றினார். ஊர்ப் பூசாரி சாம்காட் வீட்டில் அரிசிக் கள்ளுக்குச் சோறு அவிந்துகொண்டிருந்தது, அங்கேயும் ஊற்றினார். ஊற்றிவிட்டுச் சாம்பலுக்குள் ஐந்து விரலையும் விட்டுத் துழாவுவார். ஈரம் அடிவரை இறங்கியிருந்தால்தான் எழுந்திருப்பார். கிழவிகள் புகையிலைக் குழாயை வாயிலிருந்து எடுத்து மடியில் மறைப்பார்கள். "அவருக்கு நெஞ்சுல இருந்த நெருப்ப மொதல்ல அணைச்சிட்டுத்தான் நம்ம வீட்டுக்கு வர்றாரு" என்று நான்தான் சொன்னேன். அது ஊர் முழுக்கப் பரவியது. பரவட்டும் என்றுதான் சொன்னேன்.

எனக்கு அவர் மேல் ஆத்திரம் உண்டு, காரணமும் உண்டு. ஒரு வருஷம் புது நெருப்பு நாளில் என் வீட்டுக்காரர் மலைக்காய்ச்சலில் கிடந்தார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, அடுப்போடு ஒட்டிப் படுத்திருந்தார். "அண்ணே, இந்த ஒரு அடுப்ப மட்டும் மத்தியானம்வரைக்கும் விட்டுடுங்க" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். ஞீராய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊற்றினார், துழாவினார், போனார். என் வீட்டுக்காரர் இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தார். குளிரால் சாகவில்லை, காய்ச்சல்தான் கொண்டுபோனது. அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம். அந்தப் பல் அடித்த சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

இப்படியிருக்க, அவர் வீட்டிலேயே ஒரு பிள்ளை பிறந்தது.

அவர் மகன் ஐதாவ் உப்பு வாங்க ஆற்றங்கரைச் சந்தைக்குப் போயிருந்தான். அவன் மனைவி யேமுங்குக்கு நாள் ஆகவில்லை. முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. இந்த மூன்றாவதுக்கும் மாதம் நிறையுமுன்பே வலி எடுத்து, என் கையில்தான் விழுந்தது. பெண் பிள்ளை. சோளக்கதிர் அளவுகூட இல்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. யேமுங்குக்கு ரத்தம் நிறையப் போய் அவளே வெடவெடத்துக்கொண்டிருந்தாள். தாய் உடம்பில் சூடு இருந்தால் மார்பில் போட்டு மூடிவிடலாம். அவளுக்கே இல்லாதபோது பிள்ளைக்கு எங்கே கொடுப்பாள். அடுப்புக்கு முன்னால் இந்தப் பக்கம் ஒரு கணப்பு, அந்தப் பக்கம் ஒரு கணப்பு போட்டு நடுவில் படுக்க வைத்தோம். சூடு கொஞ்சம் குறைந்தால் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. விறகைத் தள்ளினால் திரும்பச் சிவந்தது. இதை ஞீராய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, தூங்குங்க" என்றாள் யேமுங்.

"நீ தூங்கு. வெறக நான் பாத்துக்கறேன்."

புது நெருப்பு நாளுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. காலந்தப்பித் தூறல் விழுந்து, மூடுபனி மலையை விட்டு இறங்காமல் கிடந்தது. ஞீராய் ஒரு சாயங்காலம் சாம்காட் வீட்டுக்குப் போனார். நான் அங்கே பூசாரியின் மனைவியோடு கள்ளு வடித்துக்கொண்டிருந்தேன். ஞீராய் இரண்டு கையாலும் மூங்கில் குவளையை வாங்கி, ஒரு மடக்குக் குடித்து, கீழே வைத்தார்.

"பெரியவரே, நாள இந்த வருஷம் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?"

சாம்காட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு கேக்கறது? ஞீராயா?"

"பனி விலகட்டும். ஈரத்துல நெருப்புப் பிடிக்காது."

"பனி இருந்த வருஷமெல்லாம் பிடிச்சுதே. பேத்திக்காகக் கேக்கறேன்னு சொல்லேன், காது குளிரக் கேட்டுக்கறேன்."

சாம்காட் மனசு கெட்டவரில்லை. ஒரு கோழியை அறுத்து, தொடை எலும்பைச் சுரண்டி, துளையில் மூங்கில் ஈர்க்கைச் செருகிக் குறி பார்த்தார். வெளிச்சத்தில் இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு எலும்பைக் கீழே வைத்துவிட்டார்.

"நாள் மாறக் கூடாதுன்னு நிக்குது. ஒரு சோறு வேகற நேரம்தானே ஞீராய். உரசுனா வந்துடும். மொத நெருப்பு ஒன் வீட்டுக்குத்தான், போதுமா?"

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று, அவர் காதில் விழுகிற மாதிரி பூசாரி மனைவியிடம் சொன்னேன். அவர் குவளையில் மீதம் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த நாள் வந்தது. வானமே தெரியாத பனி. ஊர்வாசலில் நட்சத்திரம் கட்டியாகிவிட்டது. ஞீராய் குழாயோடு கீழ் வீடுகளிலிருந்து ஆரம்பித்து மேலே வந்தார். என் வீட்டு ஏணி கிரீச்சிட்டபோது நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கள்ளுக்காகச் சோறு அவித்து அப்போதுதான் பானையை இறக்கியிருந்தேன், அடுப்பு நிறையத் தணல். அவர் ஊற்றினார். புஸ்ஸென்று சாம்பல் எழும்பியது. வழக்கமாகக் குழாயைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை விடுகிறவர், பாதியில் நிமிர்த்திவிட்டார். சாம்பலில் கை விடவில்லை. கண் என் சுவரில் இருந்தது, தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு.

"என்ன அண்ணே, தொழாவிப் பாக்கலையா?"

அவர் குழாயைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

கடைசி வீடு அவருடையதுதான். நான் தட்டியில் காதை வைத்தேன். யாருடைய வீட்டிலும் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை நான், ஆனால் அன்று கேட்டேன். அவர் வீட்டு அடுப்பு அணைகிற புஸ் சத்தம் என் காதுக்கு வர வேண்டும். வந்தது. ஒரு முறை, பெரிய அடுப்பு. பிறகு ஒரு முறை, ஒரு கணப்பு. மூன்றாவது சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

மூன்றாவது வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மண்சட்டி இழுபடுகிற சத்தமும், சாம்பலை அள்ளி மூடுகிற சத்தமும் கேட்டன. "மாமா, வேணாம். ஊர் அறிஞ்சா" என்று யேமுங் அழுகிற குரலில் சொன்னாள். "வாய மூடு. பிள்ளையப் பாரு" என்றார் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் புருஷன் பல் கிடுகிடுக்கக் கிடந்தபோது இல்லாத இரக்கம் இப்போது எங்கிருந்து வந்தது? ஊருக்குத்தான் உபதேசமா? அப்போதே மேட்டுக்கு ஓடிப்போய் நாலு பேர் நடுவில் போட்டு உடைக்கலாம் என்று எழுந்தேன். ஏணிவரை போனேன். ஏனோ திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மேட்டில் உரசல் ஆரம்பித்தது. பிளந்த மரத்தில் பஞ்சுப் பூண்டை வைத்து, அடியில் பிரம்பைக் கொடுத்து இரண்டு பேர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பார்கள். இழுத்து இழுத்துக் கைத் தோல் உரிந்துவிட்டது. புகை வந்தது, பொறி வரவில்லை. ஆள் மாற்றினார்கள். பிரம்பு அறுந்தது, வேறு போட்டார்கள். சோறு வேகிற நேரம் எப்போதோ கடந்துவிட்டது. பிள்ளைகள் பச்சைக் கிழங்கைக் கடித்துக்கொண்டு அழுதார்கள். சந்தையில் வாங்கிய தீப்பெட்டி சாய்காப்பிடம் இருந்தது. வாய் நீளமான இளவட்டம் அவன். எடுத்து நீட்டினான்.

"கடை நெருப்புல பீடி பத்த வை. ஊருக்கு வைக்காதே" என்றார் சாம்காட்.

"அப்ப ஏன் வரலைன்னு சொல்லுங்க பெரியவரே. எவனோ பழசப் பதுக்கியிருக்கான். பழசு உள்ள இருந்தா புதுசு எப்படி வரும்?"

ஒருவன் சொன்னது அத்தனை பேர் வாயிலும் வந்துவிட்டது. மேடு முழுக்க முணுமுணுப்பு. சாம்காட் வேறு வழியில்லாமல் தலையசைத்தார். "வீடு வீடாப் பாக்கலாம். ஞீராய், வா. நீதான் முன்னால போகணும்."

ஞீராயின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. குழாயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கீழ் வீடுகளில் ஒன்றும் இல்லை. எல்லா அடுப்புகளும் ஈரச் சேறாகக் கிடந்தன. ஒவ்வொரு ஏணியாக ஏறி இறங்கி மேலே வந்தார்கள். நான் என் வீட்டுக்குள் போய் அடுப்பண்டை உட்கார்ந்துகொண்டேன். அடுத்தது என் வீடு, அதற்கு அடுத்தது அவர் வீடு. ஞீராய் வீட்டை இதுவரை ஒருத்தரும் சோதனை போட்டதில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

சாய்காப் உள்ளே வந்ததும் என் அடுப்பில் கையை விட்டான். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தான்.

"சூடு. இங்க பாருங்க, அடியில சூடு."

இன்னும் இரண்டு பேர் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே சேறு, அடியில் வெதுவெதுப்பு. ஒரு தணல் துண்டு கறுப்பாகிக் கிடந்தது, ஆனால் சுட்டது.

"கள்ளுக்காரி, ஒனக்குக் குளுருதுன்னா ஊரே எரியணுமா?" என்றான் சாய்காப்.

"நாக்க அடக்கிப் பேசுடா. சோறு அவிச்ச அடுப்பு, தணல் ஆழம். காலைல ஊத்துனவரக் கேளு."

"எல்லார் வீட்லயும்தான் அவர் ஊத்துனாரு. ஒன் வீட்ல மட்டும் எப்படி மிஞ்சுது?"

சாம்காட் ஏணியருகில் நின்றபடி ஞீராயைத் திரும்பிப் பார்த்தார். "ஞீராய், நீ சொல்லு. இவ அடுப்புல முழுக்க ஊத்துனியா?"

முழுக்க ஊற்றினேன் என்று அவர் சொன்னால், அப்புறம் நான்தான் கிளறிவிட்டேன் என்று ஆகும். நான் ஒரு சட்டியில் இந்தத் தணலை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்ட வேண்டும். ஒரு வருஷம் தனி ஆளாக, பனியிலும் மழையிலும். பாதிதான் ஊற்றினேன் என்று சொன்னால், ஏன் பாதி என்று அடுத்த கேள்வி வரும். பேத்தி மேல் நினைவு போய்த்தான் கை பாதியில் நின்றது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் வாய் திறக்கவில்லை.

பாவி, என்னை அனுப்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன். நான் கத்த வாயைத் திறந்தேன். அப்போது தட்டிக்கு அந்தப் பக்கம் பிள்ளை முனகியது. பூனைக்குட்டி போல ஒரு சின்னச் சத்தம். அந்த முனகல் என்னை என்ன செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கையில் விழுந்த பிள்ளை. என் வாய் மூடிக்கொண்டது. அதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. உள்ளுக்குள் அவரைச் சபித்துக்கொண்டேதான் மூடினேன்.

"அம்ருங், ஒன் வாய் சும்மா இருக்குன்னா தப்பு ஒம் மேலதான்" என்றார் சாம்காட் வருத்தமாக. "சட்டிய எடு."

நான் எழுந்தேன். மூலையில் இருந்த சட்டியை எடுத்தேன்.

"வை அத" என்றார் ஞீராய்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் குழாயைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

"நான் பாதிதான் ஊத்துனேன். கையும் விட்டுப் பாக்கல. அவ கிட்ட நெருப்பு இல்ல." தட்டிக்கு அந்தப் பக்கம் காட்டினார். "என் வீட்ல இருக்கு."

சாய்காப் சிரித்துவிட்டான். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பான், அவர் என்றைக்கு விளையாடினார். பிறகு அவன் சிரிப்பு நின்றது. சாம்காட் ஏணிக் கம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

ஞீராய் தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் மண்சட்டி, சாம்பலுக்கு நடுவில் சிவப்பாகத் தணல். பின்னால் யேமுங், பிள்ளையை மார்போடு சேர்த்துக் கட்டி, சட்டியின் சூடு படும்படி அவரோடு ஒட்டி நடந்தாள்.

"பிள்ளையும் தாயும் எதுக்கு? அவங்க செஞ்சது இல்லையே" என்றார் சாம்காட்.

"நெருப்பு எங்க போகுதோ பிள்ளையும் அங்கதான் போகணும் பெரியவரே. இல்லன்னா இத எதுக்கு வச்சேன்?"

ஊர்வாசல்வரை ஊர் ஒதுங்கி வழிவிட்டது. ஒருத்தரும் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மேட்டில் வீடு எரிந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே நின்றிருந்தார்கள். யாரும் அறியாத ஒருவரை அத்தனை வருஷமாக அவர்கள் சபித்துக்கொண்டிருந்தார்கள், அவரும்தான் சபித்தார். வாசலில் நட்சத்திரத்துக்கு அடியில் குனிந்து வெளியே போனார். நான் ஓடிப்போய் என் போர்வையை யேமுங்கின் தோளில் போட்டேன். ஞீராய்க்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்க மனம் வரவில்லை.

வாசலுக்கு வெளியே கிழங்குத் தோட்டத்தில் ஒரு காவல் குடிசை உண்டு. அதில் போய் இறங்கினார்கள். இருட்டுகிற நேரத்தில் மேட்டில் நெருப்புப் பிடித்தது. முரசு அடித்தார்கள். பழசு வெளியே போனதும் புதுசு வந்துவிட்டது பார் என்று சாய்காப் இன்றைக்கும் சொல்கிறான். அந்நேரத்துக்குத்தான் பனி விலகியது என்பதை நானும் இன்றைக்கும் சொல்கிறேன். அவனுக்கும் எனக்கும் இது தீராத வழக்கு.

பிள்ளையை அந்தக் குளிரில் திரும்பத் தூக்கிவரத் துணியவில்லை. நிலவு ஒரு சுற்று சுற்றி வரும்வரை தாயும் பிள்ளையும் குடிசையிலேயே, அந்த நெருப்போடு இருந்தார்கள். உதடு நீலம் பாரிப்பது நின்றது. பால் குடிக்கக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் ஊரே கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதது. நான் முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தவள், உலக்கையைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். உப்போடு வந்த ஐதாவ் தாயையும் பிள்ளையையும் உள்ளே கூட்டிவந்து புது நெருப்பண்டை உட்கார வைத்தான். ஒளித்தவர் அவர்கள் இல்லையே, அதனால் தடையில்லை. ஞீராய்தான் வெளியே.

மழைக்காலத்தில் குடிசை ஒழுகியது. அவர் இருமல் ஊர்வாசல்வரை கேட்டது. சாம்காட் இளகிப்போய், "போதும், உள்ள வந்துடு, ஊர் மறந்துடுச்சு" என்று சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை. நான் கீரை பறிக்கப் போகிற சாக்கில் வேலியண்டை நின்று கேட்டேன்.

"ஏன் அண்ணே, கூப்பிட்டா வர வேண்டியதுதானே. வீம்பு எதுக்கு?"

"ஊருக்கெல்லாம் ஒரு நெயாயம் பேசிட்டு எனக்கு மட்டும் வேறயா?"

"அந்த வேற நெயாயம் ஏற்கெனவே பேசியாச்சு. சட்டில வச்சு மூடுனீங்களே, அப்பவே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னது சுருக்கென்று தைத்தது என்று தெரிந்தது. தைக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஆனாலும் மறுநாளும் கீரை பறிக்கப் போனேன்.

அடுத்த புது நெருப்பு நாள் வந்தது. தண்ணீர்க் குழாயைத் தூக்க ஊரில் ஆளில்லை, எல்லாருக்கும் பயம். சாம்காட் என் வீட்டுக்கு வந்தார். "நாக்குல இருக்கற கண்டிப்பு ஒனக்குக் கையிலயும் இருக்கும். தூக்கு" என்றார். பொம்பளை தூக்கிய வழக்கமில்லை என்று சாய்காப் இழுத்தான். அப்படியானால் நீ தூக்கு என்றேன். வாயை மூடிக்கொண்டான்.

கீழ் வீட்டிலிருந்து மேல் வீடுவரை ஊற்றினேன். கை விட்டுத் துழாவினேன். யேமுங் வீட்டில் ஊற்றும்போது பிள்ளை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் குழாயை ஊற்றில் திரும்ப நிரப்பிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனேன். குடிசை நெருப்பையும் அணைத்தால்தான் அவர் உள்ளே வரலாம். அதை அவரே அணைக்க வேண்டும், நான் துழாவிப் பார்த்தால் போதும் என்று சாம்காட் சொல்லியிருந்தார்.

ஞீராய் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி ததும்பத் ததும்ப இருந்தது. விடிந்ததிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஊத்துங்க அண்ணே. ஊர் காத்துக்கிட்டிருக்கு."

"முடியல."

"என்ன முடியல?"

"எத்தன வீட்ல ஊத்தியிருக்கேன். இது ஒண்ணு முடியல." நெருப்பைப் பார்த்துக் கையை நீட்டினார். "இதுதான் அந்தப் பிள்ளைய வச்சிருந்துச்சு, அம்ருங். இத எப்படி?"

நான் நின்றேன். அவர் அணைக்காவிட்டால் அடுத்த வருஷமும் இங்கேதான், அதற்கடுத்த வருஷமும் இங்கேதான். இருமி இருமி ஒரு மழையில் இங்கேயே முடிந்துபோவார். பேத்தி வேலிக்கு உள்ளேயும் அவர் வெளியேயுமாக.

"அன்னைக்கு ஒன் வீட்டுக்காரர் படுத்திருந்தப்ப" என்று ஆரம்பித்தார். "நான் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா ஊத்தியிருக்க மாட்டேன். அதான் பாக்கல."

இத்தனை வருஷம் அந்த ஒரு வார்த்தைக்காக வாயில் விஷத்தோடு காத்திருந்தேன். வந்தபோது அந்த விஷத்தைக் காணோம்.

"நகருங்க" என்றேன்.

"நீ ஊத்தறியா?"

"நகருங்க அண்ணே."

குழாயைச் சாய்த்தேன். முழுக்க ஊற்றினேன், கடைசிச் சொட்டுவரை. நெருப்பு சீறியது, புகை கண்ணில் அடித்தது. பிறகு அமுங்கிப்போனது. மண்டி போட்டு உட்கார்ந்து சாம்பலுக்குள் ஐந்து விரலையும் விட்டேன். அடிவரை ஈரமும் சில்லிப்பும். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், செத்த வீட்டில் அழுகிற மாதிரி. நானும் அழுதேன். நான் என் வீட்டுக்காரருக்காக அழுதேன், அதை அவரிடம் சொல்லவில்லை.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவருடைய அக்குளில் கைகொடுத்து எழுப்பினேன். ஒரு வருஷத்தில் உடம்பு காற்றாகிப் போயிருந்தது. வாசல் வழியாக உள்ளே நடந்தோம். ஊரில் எந்த வீட்டிலும் நெருப்பில்லை. முரசு வீட்டு மேட்டில் எல்லாரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் ஊற்றியது என்று கேட்காமல் சாம்காட் நகர்ந்து வழிவிட்டார். நாங்களும் போய் இடம்பிடித்து, குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.